ப்ளூபெர்ரி: புதிதாக வாங்குபவர்களுக்கு

ஜூன் மாதம் பாதி தாண்டிவிட்டால் நியூஜெர்சியில் எந்தக் காய்கறிக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே ப்ளூபெர்ரி டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களில் சிலர் விலையைப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தின் பக்கம் போய்விடுவார்கள். வேறு சிலர், சர்க்கரை முதல் மறதி வரை எதுவும் அண்டாது என்று வாட்ஸப்பில் வந்ததை நம்பி நாலு டப்பா அள்ளிக்கொண்டு வருவார்கள். பாதி பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகும். இரண்டு சாராருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மா முதல் தடவை இங்கே வந்தபோது நாலைந்து பழத்தை மென்றுவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நாக்கை நீட்டிப் பார்த்தார். "பார்க்க நாவப்பழம் மாதிரியே இருக்கு, நாக்குல கலரே ஒட்டலையே?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதிலைக் கத்தியால் நறுக்கியே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒரு பழத்தை நறுக்கிப் பாருங்கள்

குறுக்கே வெட்டினால் உள்ளே வெளிர்ப்பச்சையாக, கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். நீலம் எல்லாம் தோலில் மட்டும், காகிதம் போன்ற ஒரு படலமாக. அந்த நிறத்துக்குக் காரணமான பொருள்களின் பெயர் ஆந்தோசயனின். டெல்ஃபினிடின், மால்விடின், பெட்டுனிடின், சயனிடின், பியோனிடின் என்று அதில் பல வகை உண்டு. ப்ளூபெர்ரியைப் பற்றி வருகிற நல்ல செய்திகளில் பெரும்பாலானவை இந்தத் தோலைச் சுற்றி வருபவைதான். சதையில் இருப்பது சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் நார்ச்சத்து. பழத்தை எப்படி வாங்குவது, எப்படி வைப்பது, எதைத் தவிர்ப்பது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே தானாக விளங்கிவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதையும் செய்து பாருங்கள். பத்துப் பழத்தின் தோலை உரித்து, வெதுவெதுப்பான நீரில் நசுக்கி வடிகட்டுங்கள். ஊதா கலந்த சிவப்பில் ஒரு சாறு கிடைக்கும். அதை மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவப்பாகும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலமாகிப் பச்சைக்குத் திரும்பும். புளிப்பில் சிவப்பு, சோடா போன்ற காரப்பொருளில் நீலம் என்பது ஆந்தோசயனினின் குணம். சோடா போட்ட கேக்கிலும் பான்கேக்கிலும் பழத்தைச் சுற்றிப் பச்சையாகத் தெரிவது இதனால்தான். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட வேண்டாம்.

கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது

டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். சாறு கசிந்த கறையோ, பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதோ தெரிந்தால் வேண்டாம். லேசாக ஆட்டினால் பழங்கள் தனித்தனியாக உருள வேண்டும்.

பழத்தின் மேல் சாம்பல் பூசினாற்போல ஒரு வெண்படலம் இருக்கும். மருந்து அடித்திருக்கிறார்கள் என்று சிலர் இதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அது பழத்தின் சொந்த மெழுகு. கறுப்பு திராட்சையின் மேலும் இருக்குமே, அதேதான். ஈரம் போகாமலும் கிருமி ஏறாமலும் காப்பது அதுதான். படலம் கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று அர்த்தம்.

காம்பு இருந்த பக்கத்தையும் கவனியுங்கள். அங்கே சிவப்பு வளையம் தெரிந்தால் முழுதாகப் பழுக்காதது. வீட்டில் வைத்தால் நிறம் கொஞ்சம் ஏறும், சதை மெத்தென்று ஆகும், ஆனால் இனிப்பு ஏறாது. மாம்பழத்தை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கிற கணக்கு இதற்குச் செல்லாது.

பெரிய பழத்தைத் தேடாதீர்கள். ஒரு கிலோ பெரிய வெங்காயம் உரிக்கும்போது விழுகிற தோலைவிட ஒரு கிலோ சின்ன வெங்காயத்தில் விழுகிற தோல் எத்தனை அதிகம் என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் அதே கணக்குத்தான். பழம் சிறுத்தால் அதே எடைக்குத் தோல் கூடும், ஆந்தோசயனினும் கூடும்.

தோட்டத்துக்குப் போய்ப் பறிக்க முடிந்தால்

போய்விட்டு வாருங்கள். இந்தப் பழம் பயிராக மாறியதே இந்த மாநிலத்தில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ப்ளூபெர்ரி காட்டில் பறிக்கிற பழம். தோட்டத்தில் வைத்தால் செத்துப்போகும். வளமான மண்ணில் அது வளராது, புளிப்பேறிய மணல்தான் வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் என்பவர் 1910இல் எழுதினார். அதைப் படித்த எலிசபெத் வொயிட், வொயிட்ஸ்பாக் என்ற ஊரில் தன் குடும்பத்தின் கிரான்பெர்ரிப் பண்ணையில் சோதனைக்கு இடம் தருவதாக அவருக்குக் கடிதம் போட்டார். சுற்றுவட்டாரப் பைன் காடுகளில் பழம் பறிக்கிற ஜனங்களிடம், பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம் தருவதாகச் சொன்னார். பழம் போதுமான பெரிசா என்று அளக்க ஓட்டை போட்ட அளவுகோல் ஒன்றையும் கையில் கொடுத்தார். கண்டுபிடித்தவர் பெயரையே புதருக்கு வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர்தான் இன்றும் பயிராகிற 'ரூபெல்' ரகம். 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. படித்தவரின் ஆராய்ச்சியும் காட்டை அறிந்தவர்களின் கண்ணும் சேர்ந்து வந்த பழம் இது. பண்ணையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பறிப்பவர்களின் நினைவுதான் முதலில் வரும்.

பறிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. கொத்தின் கீழே உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் பழங்களை மெல்ல உருட்டுங்கள். பழுத்தது தானாகக் கையில் விழும். பழுக்காதது காம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இழுக்கக் கூடாது. வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலை செய்யும். காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் பழம் சூடேறாமல் இருக்கும், வீடு வந்து சேர்ந்தபிறகும் நாள் தாங்கும். ஜூன் நடுவில் 'டியூக்' ரகம் வரும், அப்புறம் ஜூலையில் 'ப்ளூகிராப்'. இரண்டில் எது கிடைத்தாலும் நல்லதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள்

நான் ஆரம்பத்தில் செய்த தவறு இது. வாங்கி வந்த கையோடு எல்லாவற்றையும் கழுவி மூடி வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் நடுவில் பஞ்சு மாதிரி பூஞ்சை, சுற்றியிருந்தவையும் கொழகொழத்துவிட்டன. கழுவினால் மெழுகு கலையும், ஈரம் தங்கும். பூஞ்சைக்கு அது போதும்.

சரியான முறை இது. டப்பாவை ஒரு தட்டில் கொட்டி, நசுங்கியதையும் காம்புள்ளதையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மீதியை அப்படியே, காற்றோட்டமுள்ள அதே டப்பாவில், அடியில் ஒரு காகிதத் துண்டு விரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் கவலையில்லை, பத்து நாள்கூட வரும். சாப்பிடுவதற்கு முன் வேண்டியதை மட்டும் ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். சோப்பு வேண்டாம்.

அதிகம் வாங்கிவிட்டால் உறையவைத்துவிடுங்கள். இதற்கும் முன்னால் கழுவக் கூடாது, கழுவினால் தோல் தடித்துப்போகும். பழம் உலர்ந்திருக்க வேண்டும். அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி ஃப்ரீஸரில் வையுங்கள். கோலிக்குண்டு மாதிரி இறுகியதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். 'கழுவாதது' என்று பையில் எழுதி ஒட்டிவையுங்கள். எடுப்பவர் அலசிவிட்டுச் சாப்பிடட்டும்.

கடையில் விற்கும் உறைந்த பழம் மட்டமானது என்ற எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது சரியல்ல. பறித்த சூட்டோடு உறையவைத்ததில் ஆந்தோசயனின் நன்றாகவே நிற்கிறது. மெய்ன் மாநிலத்தின் காட்டு ப்ளூபெர்ரி கிட்டத்தட்ட முழுவதும் உறைந்த வடிவில்தான் கடைக்கு வருகிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டைச் செடியில் காய்க்கிற, மிளகைவிடக் கொஞ்சமே பெரிய பழம் அது. மேலே சொன்ன சின்ன வெங்காயக் கணக்குப்படி, காசுக்கு அதிகத் தோல் தருவது அதுதான். குளிர்காலத்தில் பெருவிலிருந்தும் சிலியிலிருந்தும் கப்பலில் வரும் பெரிய பழத்துக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட இந்தப் பையை வாங்குவதையே நான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: உறைந்த பெர்ரிகளால் தொற்று பரவிய சம்பவங்கள் உண்டு. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதை ஒரு கொதி விட்டுச் சாப்பிடுவது நல்லது.

எவ்வளவு சாப்பிடுவது, என்ன எதிர்பார்ப்பது

ஒரு கப் என்பது ஏறக்குறைய 150 கிராம், தாராளமாக இரண்டு கைப்பிடி. 100 கிராமில் 57 கலோரி, சுமார் 10 கிராம் சர்க்கரை, 2.4 கிராம் நார்ச்சத்து. வைட்டமின் சி 10 மில்லிகிராம் கூட இல்லை. வைட்டமினுக்காக என்றால் கொய்யாவே பல மடங்கு மேல். ப்ளூபெர்ரியைச் சாப்பிடுவது தோலில் இருக்கும் அந்தச் சாயத்துக்காக.

அது உடம்பில் என்ன செய்கிறது? 'ஆன்டிஆக்சிடென்ட்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆன்டிஆக்சிடென்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்த எண்களை வைத்துப் பழங்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வெகுநாள் சுற்றியது. அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தன் பட்டியலை எடுத்துவிட்டது. சாப்பிட்ட ஆந்தோசயனினில் கொஞ்சம்தான் அப்படியே ரத்தத்தில் ஏறுகிறது. மிச்சத்தைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் சின்னச் சின்ன அமிலங்களாக உடைக்கின்றன. அவைதான் ரத்தத்தில் நெடுநேரம் சுற்றுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துவதற்கு இவை உதவுகின்றன என்பதுதான் இப்போதைக்கு வலுவான விளக்கம்.

ஆய்வுகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நல்லதும் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்டது. உடல் பருமனும் வளர்சிதை மாற்றக் கோளாறும் உள்ள 115 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் தினமும் பொடி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு கப் பழத்துக்குச் சமமான பொடி, இன்னொன்றுக்கு அரை கப், மூன்றாவதற்கு ப்ளூபெர்ரியே இல்லாத பொடி. ஒரு கப் குழுவில் ரத்தக்குழாய் விரியும் திறன் கூடியது. அரை கப்பில் அந்தப் பலன் தெரியவில்லை. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இசையாத நிலை, இரண்டிலுமே குறையவில்லை. ஆய்வுக்குப் பணம் தந்தவர்களில் ப்ளூபெர்ரி விவசாயிகளின் அமைப்பும் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் சர்க்கரை விஷயத்தில் பலன் இல்லை என்று அதிலேயே வந்தது என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடுகிறது.

93,600 அமெரிக்கச் செவிலியர்களை 18 வருடம் தொடர்ந்து கவனித்து 2013இல் வந்த இன்னொரு ஆய்வில், வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் ப்ளூபெர்ரியோ ஸ்ட்ராபெர்ரியோ சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பழம்தான் காரணமா, பழம் சாப்பிடுகிறவர்களின் மற்றப் பழக்கங்களும் சேர்ந்ததா என்று இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. நினைவாற்றல் பற்றியும் முதியவர்களிடம் செய்த சின்ன ஆய்வுகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு, அவ்வளவுதான். பிரஷர் மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். தயவுசெய்து.

சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சாப்பிடலாம். ஒரு கப்பில் மாவுச்சத்து மொத்தம் 21 கிராம் போல வரும், கிட்டத்தட்ட இரண்டு சின்ன இட்லிக்குச் சமம். அதைக் கூடுதலாகச் சேர்க்காமல் அந்த வேளையில் இட்லியைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

எப்படிச் சாப்பிட்டால் வீணாகாது

அப்படியே மென்று தின்பதே மேல். கெட்டித் தயிரில், ஓட்ஸில், ஆறிய கேழ்வரகுக் கூழில் போடலாம். தயிர்சாதத்தில் மாதுளையும் திராட்சையும் போடுகிறோமே, அந்த இடத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய்க்கு நடுவில் வெடிக்கிற இனிப்பு அருமையாக இருக்கும்.

ஜூஸ் வேண்டாம். பிழிந்து வடிகட்டினால் தோல் சக்கையோடு போய்விடுகிறது, சர்க்கரை டம்ளரில் நிற்கிறது. கடை ஜூஸில் பெரும்பாலும் ஆப்பிள், திராட்சைச் சாறுதான் முதலில் இருக்கும். ஜாமில் நீண்ட நேரம் கொதித்து ஆந்தோசயனின் சிதைகிறது, சர்க்கரையும் பாதிக்குப் பாதி. உலர்ந்த பழத்தில் பெரும்பாலும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். மலிவான மஃபின் கலவையில் நீலமாகத் தெரிவது சில சமயம் பழமே அல்ல. சர்க்கரை, எண்ணெய், சாயம் சேர்த்து உருட்டிய துணுக்கு. பொருள்கள் பட்டியலை ஒரு முறை வாசியுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பழம் தராதீர்கள், தொண்டையில் அடைக்கிற அளவும் உருண்டையும் அது. இரண்டாக நறுக்கியோ நசுக்கியோ கொடுங்கள். மறுநாள் டயப்பர் கருநீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம், பழத்தின் சாயம்தான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பழத்தின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது, இதில் வைட்டமின் கே உண்டு; மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே முழு டப்பாவையும் தின்றால் வயிறு உப்பும்.

சொந்தக்காரப் பழங்கள்

ப்ளூபெர்ரியின் இனத்துக்கு வாக்சினியம் என்று பெயர். ஐரோப்பாவின் பில்பெர்ரி இதன் நெருங்கிய உறவு. அதில் சதை வரைக்கும் சாயம் இருக்கும், நாக்கும் பல்லும் நீலமாகிவிடும். அம்மாவுக்குப் பிடித்திருக்கும். பில்பெர்ரி மாத்திரை இரவுப் பார்வையைக் கூட்டும் என்று விற்கிறார்கள், உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெர்ரி ஜாம் தின்ற கதையோடு. முறையாகச் சோதித்தவற்றில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நீலகிரிச் சோலைகளின் ஓரத்திலும் இந்த இனத்தின் காட்டுச் செடிகள் உண்டு. ஒன்றின் தாவரவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது: வாக்சினியம் நீல்கெரென்ஸ்.

நாவல் வேறு குடும்பம். ஆனால் அதன் ஊதாவும் டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் என்ற அதே சாயங்களால் ஆனது. ஊரில் இருப்பவர்கள் சின்ன டப்பா ப்ளூபெர்ரிக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பதற்கு முன், ஆடி மாதத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் நாவல் வாங்கித் தோலோடு சாப்பிடலாம். பேக்கரி பன்னின் மேல் இருக்கும் சிவப்புச் 'செர்ரி'யை மட்டும் பெர்ரிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பெரும்பாலும் பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய்.

கிரான்பெர்ரியும் வாக்சினியம்தான். அக்டோபரில் வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டால், உள்ளே காற்றறைகள் இருப்பதால் பழம் மிதந்து மேலே வரும். நியூஜெர்சியின் சாட்ஸ்வொர்த் பக்கம் போனால் சிவப்புக் குளங்களாகப் பார்க்கலாம். இதிலுள்ள ஒரு வகை புரோஆந்தோசயனிடின் என்ற பொருள், ஈ.கோலி கிருமி சிறுநீர்ப்பாதைச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கிறது. 50 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வந்த, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்குக் கிரான்பெர்ரி அதைக் குறைக்கிறது என்று சொல்கிறது. வராமல் தடுக்கத்தான், வந்ததைக் குணப்படுத்த அல்ல. எரிச்சலும் காய்ச்சலும் வந்துவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பச்சையாகத் தின்ன முடியாத புளிப்பு அது. இங்குள்ள தமிழ் வீடுகள் அதைத் தொக்காக்கிவிட்டன. நவம்பரில் கிடைக்கும் 340 கிராம் பை ஒன்று வாங்கிக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பெருங்காயம் தாளித்துப் பழத்தைப் போட்டால் பொரி மாதிரி பட் பட் என்று வெடிக்கும். கரண்டியால் நசுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் சேர்த்து எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கிளறுங்கள். புளி வேண்டவே வேண்டாம். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும், நெல்லி அளவு வெல்லமும். ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும், அதற்குமுன் தீர்ந்துபோகவில்லை என்றால்.